வாசகர் கேள்வி–பதில்: வேலை மிஞ்சியது, விருப்பம் போனது

கேள்வி:

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். நான் பாடாங் செராயில் வசிக்கிறேன். வயது 34. இரண்டு பிள்ளைகள். கூலிமில் உள்ள ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் 11 ஆண்டுகளாக ஆப்பரேட்டராக வேலை செய்கிறேன். அடிப்படைச் சம்பளம் 2,600 வெள்ளி.

எங்கள் பிரிவில் தமிழர், மலாய்க்காரர், சீனர், நேப்பாளத்திலிருந்து வந்தவர்கள் என எல்லாரும் இருந்தோம். விடியற்காலையில் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறியது முதல் பேச்சும் சிரிப்புமாகவே இருக்கும். தீபாவளிக்கு நான் முறுக்கும் நெய்யுருண்டையும் கொண்டுபோவேன். நோன்புப் பெருநாளுக்குப் பக்கத்து இயந்திரத்தில் இருந்த மலாய்த் தோழி ரெண்டாங் கொண்டுவருவாள். இரவு ஷிப்டில் யாருக்காவது கண் சொக்கினால், சொல்லாமலே அடுத்தவர் வந்து அந்த இயந்திரத்தையும் பார்த்துக்கொள்வார். விடுமுறை நாளில்கூட எப்போது வேலைக்குப் போவோம் என்று நான் காத்திருந்ததுண்டு.

இந்த ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு முறையும் சென்ற மாதம் ஒரு முறையும் ஆட்குறைப்பு நடந்தது. ஒவ்வொருவராக அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். போனவர் கையில் ஓர் உறையுடன் திரும்பினார்; கூடவே ஒரு பாதுகாவலர் வந்து, லாக்கரைக் காலி செய்யும் வரை பக்கத்தில் நின்றார். எட்டு ஆண்டுகள் வேலை செய்த என் தோழியையும் சென்ற மாதம் இப்படித்தான் அன்றைக்கே அனுப்பினார்கள். எதை வைத்துப் பெயர்களைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை இதுவரை யாரும் சொல்லவில்லை. நேப்பாளத் தொழிலாளர்கள் சிலர் இன்னும் வேலையில் இருப்பதால் அவர்கள் மீது ஒரே முணுமுணுப்பு. மூவர் பார்த்த இயந்திரங்களை இப்போது ஒருவர் பார்க்கிறோம், ஓவர்டைம் கூடிவிட்டது. கென்டினில் நான் போய் உட்கார்ந்தால் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்துகிறார்கள். நானும் மற்றவர்களிடம் அப்படித்தான் நடந்துகொள்கிறேன்.

சென்ற வாரம் இரவுச் சந்தையில் என் தோழி நாசி லெமாக் விற்றுக்கொண்டிருந்ததைக் கண்டேன். அவள் என்னைப் பார்ப்பதற்குள் வேறு பக்கம் திரும்பி நடந்துவிட்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். "தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றபோது எங்களுக்கு வேலையும் போனது, லயத்து வீடும் போனது. உனக்குத்தான் வேலை இருக்கிறதே, எதற்காக அழுகிறாய்?" என்று கேட்கிறார். என் சம்பளம் இல்லாமல் வீட்டுக் கடனைக் கட்ட முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் ராஜினாமாக் கடிதம் எழுதிக் கைப்பையில் வைத்திருக்கிறேன். கொடுத்துவிடட்டுமா?

— வாசகி, பாடாங் செராய், கெடா

பதில்:

அன்புச் சகோதரிக்கு வணக்கம். உங்கள் கடிதம் கைப்பையிலேயே இருக்கட்டும். அதற்கு அவசரம் இல்லை. அவசரம் உங்கள் தோழியின் காரியத்தில்தான் இருக்கிறது, ஏனென்றால் நாள் கணக்கு அவருக்குத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே அதிலிருந்து தொடங்குகிறேன்.

வேலை இழந்தவர்களுக்காக 2018 ஜனவரி முதல் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோ நடத்திவரும் வேலைக் காப்புறுதித் திட்டத்தில், வேலை போன நாளிலிருந்து 60 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். சம்பளச் சீட்டில் மாதந்தோறும் பிடித்த அந்தச் சிறு தொகை இதற்காகத்தான். சந்தா முறையாகக் கட்டப்பட்டிருந்தால், வேலை தேடும் காலத்துக்கான உதவித்தொகையாக முதல் மாதம் பழைய சம்பளத்தில் 80 விழுக்காடும், அதன் பிறகு படிப்படியாகக் குறைந்து, கூடினால் 6 மாதங்கள் வரையும் கிடைக்கும். சந்தையில் கடை போட்டிருப்பதை மறைக்காமல் சொல்லியே அவர் விசாரிக்கட்டும். இது ஒன்று. அடுத்து, தம்மை நீக்கியது நியாயமான ஆட்குறைப்பே அல்ல என்று அவர் கருதினால், 1967 ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20 ஆம் பிரிவின் கீழ், மீண்டும் வேலையில் அமர்த்தக் கோரி தொழிலியல் உறவு இலாகாவில் முறையிடலாம். அதற்கும் 60 நாள்கள்தாம். இந்தக் கெடு முடிந்த பிறகு எவ்வளவு நியாயம் இருந்தாலும் பயன் இல்லை. ஆட்குறைப்புக்கு ஆளாகும் எத்தனையோ பேர் முதல் மாதத்தை வெட்கத்திலும் இரண்டாவது மாதத்தைக் கோபத்திலும் கழித்துவிட்டு, மூன்றாவது மாதத்தில்தான் அலுவலகப் படி ஏறுகிறார்கள்.

அந்த உறையில் என்ன இருந்தது என்பதையும் கேளுங்கள். 5 ஆண்டுகளோ அதற்கு மேலோ வேலை செய்தவருக்கு 8 வார முன்னறிவிப்பு தர வேண்டும். அன்றைக்கே அனுப்பினால் அந்த 8 வாரத்துக்கு ஈடான சம்பளத்தைத் தர வேண்டும். அதோடு, 1980 ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, ஒவ்வோர் ஆண்டுச் சேவைக்கும் 20 நாள் சம்பளம் என்ற கணக்கில், 8 ஆண்டுகளுக்கு 160 நாள் சம்பளம் அவருக்கு இழப்பீடாகச் சேரும். வேலை முடிந்த 7 நாள்களுக்குள் இதைக் கொடுத்திருக்க வேண்டும். குறைந்திருந்தால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்ய அவருக்கு உரிமை உண்டு.

நீங்கள் ஏன் அவரைக் கண்டும் திரும்பி நடந்தீர்கள் என்பதற்கு உங்கள் அப்பாவின் கேள்வியிலேயே விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். அப்பா பட்டது பெரிய இழப்பு. அதை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. வேலை போனால் கூரையும் போகும் என்ற ஏற்பாட்டில் வாழ்ந்த தலைமுறை அது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடல் நடந்தபோதும், பிற்பாடு ரப்பர் மரங்கள் அழிந்து செம்பனையும் தாமான் என்னும் குடியிருப்புகளும் வந்தபோதும், நம்மவர்கள் மூட்டை முடிச்சுகளுடன் பட்டணத்து ஓரங்களுக்குப் போனார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தோட்டம் கைமாறியபோது லயத்தின் இந்த வீட்டுக்காரர் மட்டும் போக, அடுத்த வீட்டுக்காரர் இருந்துகொள்ளட்டும் என்று பட்டியல் போட்டுப் பிரித்தது குறைவு. பெரும்பாலும் எல்லாருமே போனார்கள். ஆகவே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடிந்தது. கோயில் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் திரும்பி வந்து கூடவும் முடிந்தது. மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960 இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டத்தை நாமே வாங்கலாம் என்று சொல்லித் தொழிலாளர்களிடம் சிறு சிறு தொகையாகச் சேர்க்க முடிந்ததற்கும், அந்த ஆபத்து எல்லாருக்கும் பொதுவாக இருந்தது ஒரு காரணம்.

உங்கள் தொழிற்சாலையில் நடந்தது வேறு. அங்கே சிலர் பொறுக்கி எடுக்கப்பட்டார்கள், சிலர் விடப்பட்டார்கள், காரணம் சொல்லப்படவில்லை. காரணம் தெரியாத இடத்தில் ஒவ்வொருவரும் தாமாக ஒரு காரணத்தை ஊகிக்கத்தான் செய்வார்கள்: அவள் மேலதிகாரிக்கு வேண்டியவள், இவன் போட்டுக்கொடுத்தவன், இவர்கள் அயல்நாட்டார் என்பதால் சம்பளம் குறைவு. கென்டினில் பேச்சு நின்றுபோவது இதனால்தான். உங்கள் சக ஊழியர்கள் ஒரே மாதத்தில் கெட்டவர்களாக மாறிவிடவில்லை. உங்களுக்குள்ளேயும் "அவளுக்குப் பதிலாக என்னை ஏன் வைத்தார்கள்?" என்ற கேள்வி இருக்கிறது; அதற்கு உங்களிடம் பதில் இல்லாததால்தான் சந்தையில் கால்கள் வேறு பக்கம் திரும்பின. வேலையில் மிஞ்சியவர் அழக்கூடாது என்று உங்கள் அப்பா எண்ணுவது அன்பினால்தான். ஆனால் அவர் ஒருபோதும் மிஞ்சியவராக இருந்ததில்லை என்பதை நீங்கள் மெதுவாக எடுத்துச் சொல்லலாம்.

ஆகவே நிர்வாகத்திடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: எந்த அடிப்படையில் தேர்ந்தெடுத்தீர்கள்? இதைக் கேட்பது எதிர்த்துப் பேசுவதாகாது. 1975 ஆம் ஆண்டின் தொழிலியல் நல்லிணக்க நடத்தை நெறிமுறை, ஆட்குறைப்பைப் பற்றி மிகத் தெளிவாகவே பேசுகிறது. ஆட்களை நீக்குவதற்கு முன்பு புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்திப் பார்க்க வேண்டும், ஓவர்டைமைக் குறைத்துப் பார்க்க வேண்டும், ஓய்வு நாள் வேலையைக் குறைத்துப் பார்க்க வேண்டும், ஷிப்டுகளையோ வேலை நேரத்தையோ சுருக்கிப் பார்க்க வேண்டும், வேறு பிரிவுக்கு மாற்ற முடியுமா என்று பார்க்க வேண்டும் என்கிறது. நீக்கியே ஆக வேண்டுமென்றால் திறன், அனுபவம், சேவைக் காலம், வயது, குடும்ப நிலை முதலியவற்றை வைத்துப் பாரபட்சமில்லாமல் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது. இந்த நெறிமுறை சட்டத்தைப் போலக் கட்டாயப்படுத்துவது அன்று. ஆனால் வழக்கு என்று வந்தால் தொழிலியல் நீதிமன்றம் இதைக் கருத்தில் கொள்ளலாம். ஆட்களை அனுப்பிவிட்டு ஓவர்டைமைக் கூட்டியிருக்கும் ஒரு நிறுவனம், அந்த முதல் படிகளையெல்லாம் உண்மையிலேயே ஏறி இறங்கிப் பார்த்ததா என்று கேட்பதில் தவறு என்ன? (இத்தகைய நிறுவனங்களின் சுவர்களில் "நாம் ஒரே குடும்பம்" என்ற வாசகம் பெரும்பாலும் பெரிய எழுத்துகளில் தொங்கும். அதைக் கழற்றிவிட்டு இந்த நெறிமுறையை ஒட்டிவைத்தால் தொழிலாளிக்கு உபயோகமாக இருக்கும்.)

நேப்பாளத் தொழிலாளர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1955 ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60N பிரிவின்படி, ஆள் மிகுதியால் நீக்கும்போது, அதே வகை வேலையில் அயல்நாட்டுத் தொழிலாளர்கள் இருந்தால் அவர்களை நீக்கிய பிறகே உள்நாட்டவரை நீக்கலாம். உங்கள் தொழிற்சாலையில் அவர்கள் செய்வது அதே வகை வேலைதானா, அவர்களை வேலைக்கு வைத்திருப்பது உங்கள் நிறுவனமா அல்லது ஆள் அனுப்பும் குத்தகையாளரா என்பதைப் பொறுத்து இதற்கு விடை மாறும். இந்தக் கேள்வியைத் தொழிலாளர் இலாகாவிடம் கேளுங்கள். பேருந்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கும் அந்த நேப்பாளப் பிள்ளையிடம் அதற்குப் பதில் இல்லை. கடன் வாங்கிக் கடல் கடந்து வந்தவரின் நிலை என்ன என்பதைத் தோட்டத்துப் பிள்ளைகளான நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தனியாகக் கேட்க அச்சமாக இருக்கும், அது இயல்பு. தோட்டத் தொழிலாளர்களுக்கு 1954 முதலே தேசிய அளவில் ஒரு சங்கம் இருந்தது. மின்னணுத் தொழிலாளர்களுக்கோ வட்டார அளவில் சங்கம் அமைக்கவே 2009 இல்தான் அரசு இணங்கியது. உங்கள் தொழிற்சாலையில் சங்கம் இருந்தால் அதன் வழியாகக் கேளுங்கள். இல்லையென்றால் நான்கைந்து பேர் கையெழுத்திட்டு மரியாதையாக ஒரு கடிதம் கொடுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும், அந்த நான்கைந்து பேர் ஒன்றாக உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதுவதிலேயே கென்டினில் அறுந்த பேச்சு கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும் என்பது என் எண்ணம்.

இனி உங்கள் ராஜினாமா. நீங்களாக விலகினால் ஆட்குறைப்பு இழப்பீடு கிடையாது, பெர்கேசோ உதவித்தொகையும் கிடையாது. இரண்டு சுற்று ஆட்குறைப்பு நடந்த இடத்தில் மூன்றாவது சுற்று வராது என்று யாராலும் உறுதி கூற இயலாது. அப்படி வந்து உங்கள் பெயரும் இருந்தால், உங்களுடைய 11 ஆண்டுகளுக்கு 220 நாள் சம்பளம் சேரும்; கடைசி 12 மாதச் சம்பளத்தை நாள் கணக்காக்கிப் பார்த்தால், அடிப்படைச் சம்பளத்தில் மட்டுமே அது ஏறக்குறைய 18,800 வெள்ளி. 8 வார முன்னறிவிப்புச் சம்பளம் வேறு. இந்தச் சட்டப்படியான இழப்பீடு மாதம் 4,000 வெள்ளிக்கு மேற்படாத சம்பளக்காரர்களுக்கு உரியது. நீங்கள் அதற்குள் வருகிறீர்கள். ஆட்குறைப்புக்காக நிறுவனமே சுய விருப்பப் பணிவிலகல் திட்டம் (VSS) அறிவித்து அதில் நீங்கள் சேர்ந்தாலும் பெர்கேசோ அதை வேலை இழப்பாகவே ஏற்கும். ஆக, கோபத்தில் கொடுக்கும் ஒரு கடிதம் யாருக்கு இலாபம் என்று யோசித்துப் பாருங்கள். வேறு வேலை கையில் கிடைத்த பிறகு விலகுவது வேறு விஷயம். அதற்குத் தேடத் தொடங்குங்கள், அதில் துரோகம் ஒன்றும் இல்லை. நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், ஊழியர் சேமநிதி அறிக்கை ஆகியவற்றின் நகல்களை இப்போதே வீட்டில் எடுத்து வையுங்கள்.

இருக்கும் வரை எப்படி இருப்பது? 2023 ஜனவரியிலிருந்து, வாரத்துக்கு 45 மணி நேரமே இயல்பான வேலை நேரம். அதற்கு மேற்பட்டதற்கு ஒன்றரை மடங்குச் சம்பளம் உண்டு. ஓவர்டைமுக்கு மாதம் 104 மணி நேரம் என்ற உச்ச வரம்பும் உண்டு. விபத்து, அவசரப் பழுது போன்ற குறிப்பிட்ட சில சூழ்நிலைகளைத் தவிர, கூடுதல் நேரம் வேலை செய்யுமாறு உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. மூன்று பேர் வேலையைத் தனியாகப் பார்க்கும்போது பிழை நேர்ந்தால் பழி உங்கள் தலையில் விழும். ஆகவே எத்தனை இயந்திரங்கள் ஒப்படைக்கப்பட்டன என்பதை ஷிப்டு தோறும் குறித்து, மேற்பார்வையாளருக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். முன்பு நீங்கள் கணக்குப் பார்க்காமல் கொடுத்த உழைப்பு, அங்கிருந்த மனிதர்களுக்காகக் கொடுத்தது. அந்த மனிதர்களில் பாதிப்பேர் இப்போது வெளியே இருக்கிறார்கள். அதே மனத்தோடு இனிமேலும் நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. ஒப்பந்தத்தில் உள்ள வேலையை ஒழுங்காகச் செய்தால் போதும். அதற்குக் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

அடுத்த சந்தை நாள் என்றைக்கு என்று பார்த்துக்கொண்டு போங்கள். மன்னிப்புக் கேட்கும் முன்பே, பெர்கேசோவில் விண்ணப்பித்தாரா என்று கேளுங்கள்.

கேள்வி:

ஐயா, லூனாசுக்கு அருகில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். ஆட்குறைப்புக்கு எங்கள் பிரிவிலிருந்து பெயர்களைக் கொடுக்கச் சொன்னார்கள்; கொடுத்தேன். "அண்ணே, அண்ணே" என்று சுற்றிவந்த பிள்ளைகள் இப்போது என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். மேலிடம் சொன்னதைத்தான் செய்தேன் என்று அவர்களிடம் விளக்கலாமா? எனக்கும் இந்த வேலை கசந்துவிட்டது.

— வாசகர், கூலிம் மாவட்டம், கெடா

பதில்:

ஐயா, அந்த விளக்கத்தால் பயன் இருக்காது. எத்தனை பேர் என்பதை மேலிடம் முடிவு செய்திருக்கும். யார் யார் என்பதில் உங்கள் கையும் இருந்தது என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். முழுப் பழியையும் மேலே தள்ளினால் உங்கள் மீது மிச்சமிருக்கும் மதிப்பும் போய்விடும். அவர்கள் முகத்தைத் திருப்புவதைக் கொஞ்ச காலம் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

நீங்கள் எந்த அளவுகோலை வைத்துப் பெயர்களை எழுதினீர்கள் என்பதை உங்களால் வெளிப்படையாகச் சொல்ல முடியுமா என்று முதலில் உங்களையே கேட்டுப் பாருங்கள். முடியுமென்றால், நிர்வாகத்தின் அனுமதியைப் பெற்று, எஞ்சியிருப்பவர்களைக் கூட்டிச் சொல்லிவிடுங்கள். மேலே உள்ள சகோதரியின் கடிதத்தைப் படித்தால், சொல்லாமல் விட்டதால் என்ன நடக்கிறது என்பது உங்களுக்கே விளங்கும். "இனி யாரையும் எடுக்க மாட்டார்கள்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். அது உங்கள் கையில் இல்லை.

போனவர்களுக்குச் செய்ய இன்னும் வேலை இருக்கிறது. அவர்கள் என்னென்ன இயந்திரங்களை இயக்கினார்கள், என்னென்ன பயிற்சி பெற்றார்கள் என்பதை விவரமாக எழுதி, ஒவ்வொருவருக்கும் நற்சான்றுக் கடிதம் கொடுங்கள். பிற தொழிற்சாலைகளில் உங்களைப் போன்ற மேற்பார்வையாளர்களை உங்களுக்குத் தெரிந்திருக்கும்; ஆள் தேவை என்று கேள்விப்பட்டால் முதலில் இவர்களுக்குச் சொல்லுங்கள். ஆட்குறைப்புக்குக் குறைந்தது 30 நாள்களுக்கு முன்பே பி.கே. படிவத்தை நிரப்பித் தொழிலாளர் இலாகாவுக்கு நிறுவனம் தெரிவித்திருக்க வேண்டும். அது நடந்ததா என்பதையும் விசாரித்து வையுங்கள். இன்னொரு முறை பெயர் கேட்டால், அளவுகோலை எழுத்தில் தரும்படி கேளுங்கள். அதில் உங்களுக்கு உடன்பாடில்லை என்றால் அதையும் எழுத்திலேயே தெரிவித்து, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள்.